உள்ளூர்ப் பெயர்

ஓய்வு நாளில் பேருந்தில் ஏறினால்
கால் தானாகப் பிரேக்கைத் தேடும்.
தொண்ணூற்றாறின் பின்னிருக்கையில் அமர்ந்து
கென்ட் ரிட்ஜ் மேட்டில் திரும்பும்போதெல்லாம்
ஓட்டுநருக்கும் சேர்த்து மிதித்துக்கொண்டிருந்தேன்,
காற்றை.

பல்கலைக்கழக அருங்காட்சியகம்
செடி முளைத்த பெரும்பாறை மாதிரி.
சனிக்கிழமை, பொதுமக்களுக்கான பயிலரங்கு:
மாதிரிக்குச் சீட்டு எழுதுவது எப்படி.
பன்னிரண்டு வெள்ளி, பென்சில் அவர்களுடையது.
ஓய்வுபெற்ற தாதியர் மூவர்,
பூன் லேயிலிருந்து ஓர் அப்பா,
அவர் மகன் ஜுன் ஹெங், எட்டு வயது,
குளிர்சாதனத்துக்காக வந்தேன் என்று
ஒப்புக்கொண்ட ஓர் இளைஞன்,
நான்.

ஸுரைனா கையுறை மாட்டியபடி சொன்னாள்:
பேனா வேண்டாம், சாராயத்தில் மை கரையும்,
பென்சில் கரையாது.
இடம். நாள். நேரம். கண்டவர்.
'பாவம்' என்று எழுதாதீர்கள்.
'அழகு' என்றும் எழுதாதீர்கள்.
நூறாண்டு கழித்துப் படிப்பவருக்கு
உங்கள் மனம் எதற்கு?
மண்டாயா, மெக்ரிட்சியா,
அதைச் சொல்லுங்கள், போதும்.

பிறகு இழுப்பறையை இழுத்தாள்.

காய்ந்த பலாத்தோல் நிறத்தில்
தன்னைத் தானே சுற்றிக்கொண்டு கிடந்தது.
பின்னங்காலில் நூல், நூலில் சீட்டு:
மண்டாய் சாலை. ஆகஸ்ட் பதினான்கு.
காலை 5.10. கண்டவர்: மங்கை.

மங்கையர்க்கரசி என்பது முழுப் பெயர்.
சீட்டின் அகலம் அவ்வளவுதான்.

அன்று ஆளில்லாத வண்டி, மழை விட்ட சாலை.
டிப்போவில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு:
அரசி ஓட்டினால் அலுங்காது குலுங்காது,
கோப்பி தளும்பாது.
அந்த வளைவில் ஒரே ஒரு முறை அலுங்கியது.
முன்னால் ஒரு லாரி போனது, உண்மை.
அதன் சிவப்பு விளக்கைப் பார்த்தேன், அதுவும் உண்மை.
அருங்காட்சியகத்தைக் கூப்பிட்டு
இரண்டையும் சொன்னேன்.
மூன்றாவதை யாரும் கேட்கவில்லை.

ஜுன் ஹெங் கேட்டான்:
இது தானாகச் செத்ததா, யாராவது கொன்றார்களா?
'சாலை' என்றாள் ஸுரைனா.
சாலை எப்படிக் கொல்லும், அது சும்மாதானே கிடக்கிறது?
அப்பா அவன் தோளைத் தொட்டார்.
தாதியரில் ஒருத்தி
கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினாள்.
நான் பென்சிலைச் சீவினேன்,
ஏற்கெனவே கூராக இருந்ததை.

கடைசிக் கட்டத்தின் தலைப்பு: உள்ளூர்ப் பெயர்.
மலாயில் தெங்கிலிங், உருள்வதால் வந்தது என்றாள் ஸுரைனா.
சுவான் ஷான் ஜியா என்றார் அப்பா,
மலையைத் துளைக்கும் கவசம்.
தமிழில்?
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

கண்டவர் என்ற இடத்தில்
முழுப் பெயரையும் எழுதினேன்,
இரண்டு வரியாக மடித்து.
அதன் கீழே: அழுங்கு.

என்ன பொருள் என்று கேட்டாள்.
இந்த விலங்கு, அவ்வளவுதான் என்றேன்.
பெயராக நின்றால் அப்படித்தான்.
வினையாக நின்றால்
அது ஒருவரைப் பார்த்து
வருந்து என்று சொல்லும்.
பயிலரங்கில் வினை கேட்கப்படவில்லை.

அலுங்கு, அலுங்கு என்று
சொல்லிப் பார்த்தான் ஜுன் ஹெங்.
நம்மவர் பாதிப் பேருக்கே நாக்கு மடங்காத எழுத்து,
அவனை என்ன சொல்ல?
மேசை விளிம்பில் தாடையை வைத்து,
செதிலுக்கு அருகே வாயைக் கொண்டுபோய்,
தூங்கும் பூனையை எழுப்புகிற குரலில்,
'அலுங்கு' என்றான்.

கொஞ்ச நேரம் காத்திருந்தான்.
நானும்தான்.