கம்பிக்கு மேலே

போன வருசம் விளாட்டு மாவில்
இலைக்குச் சரியாய்க் காய்.
மல்லாவிச் சந்தைக்கு மூன்று தரம்
சைக்கிளில் கட்டிப் போனேன்.
என்ன பசளை அக்கா என்று கேட்டார்கள்.

ஒன்றும் போடவில்லை.

விவசாயப் போதனாசிரியை தர்மினி
காயைப் பார்க்கவில்லை.
குந்தியிருந்து அடிமரத்தைத் தடவினாள்.
இடுப்பளவில் ஒரு வீக்கம்;
வாய்கட்டிய நெல்லுச் சாக்கைக்
கவிழ்த்து வைத்ததுபோல்
மேலே பருத்து, கீழே சூம்பி,
நடுவில் பட்டை விழுங்கிய கோடு.
கத்தி முனையால் கிண்டினாள்.
துருக்கம்பி.

"காழ் உள்ளுக்க இருக்கு, தண்ணி ஏறுது.
உரியம் தோலோட ஒட்டினது,
இலை சமைக்கிற சீனி அதாலதான் இறங்கோணும்.
வழியில்லாமல் எல்லாம் காய்க்குள்ள போயிருக்கு.
வேர் பட்டினி, அக்கா."

அடம்பனிலிருந்து செபமாலை வந்தது
இரண்டாயிரத்து எட்டு, ஆனியில்.
பெண்சாதி, நாலு பிள்ளைகள், ஒரு தறப்பாள்.
கயிறு இற்றுப்போகும் என்று
வேலியில் கழற்றி இந்தக் கம்பியைக் கொடுத்தது நான்.
இறுக்கிக் கட்டுங்கோ,
கச்சான் பிடுங்கிப்போடும் என்றதும் நான்தான்.
பதினேழு நாள்.
பிறகு அவர்களும் போனார்கள், நாங்களும் போனோம்,
வேறு வேறு உழவு இயந்திரத்தில்.
தறப்பாளை மடித்தார்கள்.
கம்பியை அவிழ்க்க நேரமில்லை.

திரும்பி வந்தபோது மரம் பச்சையாய் நின்றது.
அதற்கு மேல் நான் ஒன்றும் பார்க்கவில்லை.

மத்தியானக் கச்சானில் இலை காயக் காய
ஒரு துளியின் வாலை மறுதுளி பிடித்து
உச்சிக் கொப்பு வரை ஏறுகிறதாம் தண்ணீர்,
கீழே மோட்டரும் இல்லை, தள்ள ஆளும் இல்லை.
வேர் விடாமல் அனுப்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.
மேலிருந்து வருவது
வருசா வருசம் குறைந்து
கடைசியில் ஒரு சிட்டிகையும் இல்லை.

குறட்டால் வெட்டினோம்.
பாதிக் கம்பி வந்தது,
மீதி மரத்துக்குள்ளேயே.
தர்மினி அதே மரத்தில்
பென்சில் தடிப்பில் நாலு கொப்பு முறித்து
இரண்டு நுனியும் சீவி
காயத்துக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்றாய்ப்
பட்டைக்குள் செருகினாள்.
தலைகீழாய் வைத்தால் சரிவராதாம்.
பொலித்தீன் சுற்றினாள்.
"பிடிச்சா பாலம். பிடிக்காட்டி விறகு."

இரண்டு கருகிவிட்டது.
மற்ற இரண்டில் ஒன்று துளிர் விட்டது.
கிள்ளச் சொன்னாள், கிள்ளினேன்.

இந்த வருசம் பூவே இல்லை.
சந்தையில் கேட்டார்கள்,
எங்கே அக்கா மாம்பழம்?

மரம் இப்பதான் சாப்பிடுது
என்றேன்.