பதினேழாம் நம்பர் மலைக்கு எந்த வண்டி

பண்டாரவளையில் நிஸ்தாரின் தகரக் கொட்டிலில்
இரண்டு நாலுசில்லு வண்டிகள்.
இரண்டும் பழசு. இரண்டும் ஒரே விலை.
சிவப்பு மெலிசு,
வெட்டுக்கிளி போல முழங்கால் மடித்து நின்றது.
பச்சை,
ஒரு மூட்டையை இறக்கிவிட்டு
அடுத்ததற்கு முதுகைக் காட்டும் நாட்டாமை.

காசு அக்காவுடையது, குவைத்தில் பதினொரு வருஷம்.
முடிவும் அவளுடையது.
வாதம் மட்டும் என்னுடையது.

"ஒரு நாள் ஓட்டிப் பாருங்க,
பெட்ரோல் உங்க கணக்கு" என்றார் நிஸ்தார்.

நான் தாளில் எழுதி வைத்திருந்தேன்:
பச்சைக்கு நாலு சில்லிலும் இழுவை,
முன்னும் பின்னும் கம்பித்தட்டு,
ஏற்றத்துக்கென்று ஒரு தனிக் கியர்,
புதைந்தால் தன்னைத்தானே இழுத்துக்கொள்ள
வயர் சுற்றிய உருளை.
சிவப்புக்கு வேகம்.
லீக்ஸ் மூட்டை வேகத்தை வைத்து என்ன செய்யும்?

அக்கா தாளை வாங்கி
ஈர ஆசனத்தைத் துடைத்தாள்.

இதல்கஸ்ஹின்னவுக்கு மேலே
பதினேழாம் நம்பர் மலை.
கொழுந்து நிறுக்கும் இடத்திலிருந்து
கான் கானாகக் கடந்து ஏறும் பாதை,
கவ்வாத்து வெட்டிய குச்சிகள் டயரைக் குத்தும்.
பச்சை இரண்டு மூட்டையோடு
முணுமுணுத்துக்கொண்டே ஏறியது.
சிவப்பு மூன்றாவது கானில் பின்சில்லைச் சுற்றி
என் சட்டையெல்லாம் சேறு துப்பியது.
கிளட்ச் கருகும் வாசம்
நிரைக்கு நிரை பரவ,
கொழுந்தெடுத்த பெண்கள் கூடையை இறக்கிவிட்டுச் சிரித்தார்கள்.
"பார்த்தியா" என்றேன்.
அக்கா பார்க்கவில்லை.

தேயிலை முடிந்து யூக்கலிப்டஸ் காடு.
நனைந்த சருகு, சவர்க்காரம் பூசிய தரை.
இங்கே இரண்டும் ஒன்றுதான்,
இரண்டும் வழுக்கின.

பிறகு பத்தன.
புல்லும் காற்றும் தவிர எதுவுமில்லாத முதுகு.
சரிவில் பச்சை தன் பாரத்தாலேயே பக்கவாட்டில் நழுவி
ஒரு கறுப்பு ஊற்றுச் சேற்றில்
அச்சுவரை இறங்கியது.
உருளையை அவிழ்த்தேன், வயரை இழுத்தேன்,
இழுத்துக்கொண்டே போனேன்.
கட்டுவதற்கு ஒரு மரமில்லை.
மரமில்லாத இடத்தைப் பற்றி
என் தாளில் ஒரு வரியும் இல்லை.

வயர் நுனியோடு நின்ற என்னைத் தாண்டி
சிவப்பு போனது.
புல் மடிந்து நிமிர்ந்தது, அவ்வளவுதான்.
பள்ளத்தில் ஒரு தரம்
நாலு சில்லும் நிலத்தை விட்டன.
அக்கா கத்தினாள்,
என்ன என்று காற்று சொல்லவில்லை.

திரும்பி வந்து எஞ்சினை நிறுத்திச் சொன்னாள்:
"அங்க வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை
பிள்ளைங்க மணலுக்குப் போகும்.
நான் ஜீப்புல, பிளாஸ்க் மடியில.
மூடி சரியில்லாத பிளாஸ்க்."
வேறெதுவும் சொல்லாமல்
காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கி எறிந்தாள்.

பச்சையைத் தோண்டியெடுக்க
லயத்திலிருந்து ஆறு பேர் வரவேண்டியிருந்தது.
ஆறு பேருக்கும் சோடா, பணிஸ்.

மறுநாள் நிஸ்தாரிடம்
"பச்சை" என்றாள் அக்கா.
நான் வென்றுவிட்டேன் என்றே
வீடுவரை நினைத்துக்கொண்டு வந்தேன்.

மாசக் கடைசி. கணக்கு பார்க்கிறேன்.
லீக்ஸ் இத்தனை, கோவா இத்தனை,
பெட்ரோல், செயின் எண்ணெய், சோடா.
கொப்பிக்குள் மடித்த ஒரு துண்டு,
நிஸ்தாரின் கோணல் எழுத்து:
சிவப்பு வண்டி, முற்பணம் ஐயாயிரம்,
வேறாளுக்குக் கொடுப்பதில்லை.

"பச்சைக்குத்தானே செயின் இல்ல,
செயின் எண்ணெய் எதுக்கு" என்று கேட்க வாய் திறந்தேன்.
வெளியே அக்கா கம்பித்தட்டில்
கயிறு இறுக்கிக்கொண்டிருந்தாள்.

சிவப்பில் தட்டு கிடையாது.
பின்னால் ஆள் உட்காரவும் இடம் கிடையாது.
கணக்கில் 'இதர செலவு' என்று எழுதிவிட்டு
கொப்பியை மூடினேன்.