பதினோரு விநாடி

டுலூத் நகரத்து நாளிதழில்
பத்தொன்பது வருஷம்.
துறைமுகம், தாதுக் கப்பல், சங்கத் தேர்தல்.
இடம் போதாவிட்டால் வால் பக்கம்தான் வெட்டுவார்கள் என்று
உயிரை முதல் வரியிலேயே வைக்கப் பழகியவள்
ஐலி ஹக்கலா.

இப்போது பொதுத் தொலைக்காட்சி.
நெற்றியில் பவுடர், காலரில் மைக்.
தொள்ளாயிரம் சொல் தொண்ணூறு விநாடியாயிற்று.
கமாவையும் சேர்த்து வாசிக்கிறீர்கள் என்று
சிரித்தான் கேமராக்கார டெல்மர்.

பிப்ரவரியில்
தாதுத் தளத்துப் பனியில் வழுக்கி
ஒருவன் செத்தான்.
மனைவியிடம் கேட்டாள்:
கடைசியாக என்ன சொன்னார்?

அவள் பேசவில்லை.
மேசைமேல் கிடந்த அவன் ஒற்றைக் கையுறையை எடுத்து
உள்ளே மடங்கிய விரல்களை
ஒவ்வொன்றாக வெளியே இழுத்தாள்.
சுண்டுவிரல் வரவில்லை.

ஐலியின் கை தன்னால் பேனாவைத் தேடியது.
இந்த இடத்தில்
எத்தனை முறை எழுதியிருப்பாள்,
‘கண் கலங்கினார்’ என்று,
கலங்காதவர்களுக்கும்.

டெல்மர் நிறுத்தவில்லை.
அடுத்த கேள்வியை
அவள் விழுங்கிக்கொண்டாள்.

ஒளிபரப்பில் அது பதினோரு விநாடி.

மறுநாள் ஒரு நேயர் தொலைபேசியில் திட்டினார்:
நேற்று நடுவில்
உங்கள் சத்தம் போய்விட்டது, கவனித்தீர்களா?

கவனித்தோம் என்றாள்.