கார்பன் தாள்

டாக்டர் டல்கார்னோவுக்கு இரண்டு வலக்கைகள்.
ஒன்று என்னுடையது.

அவர் ஜன்னலோரம் நின்று சொல்லச் சொல்ல
நான் தட்டச்சு செய்வேன்:
போர் அலுவலகத்துக்கு, கொயினா போதவில்லை என்று;
பிரான்சில் இருக்கும் மாணவர்களுக்கு,
அகழிக் காய்ச்சலுக்குப் பேன்தான் காரணமோ என்று;
லண்டனில் அவரோடு ஒத்துப்போகாத மூன்று பேருக்குத்
தனித்தனியாக, மரியாதை குறையாமல்,
ஈரமும் இல்லாமல்.
இதயம் பற்றி அவர் எழுதிய புத்தகம்
எல்லா மருத்துவ வாரியங்களின் மேசையிலும் கிடக்கும்.

மற்றக் கடிதங்கள் அவர் கையாலேயே. பச்சை மை.
எடின்பரோவில் படிக்கும் மகனுக்கு என்றால்
உறைமேல் எழுத்து கொஞ்சம் பெரிதாகிவிடும்,
எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்குப் போல.
நினியனுக்குப் பதினெட்டு ஆக நான்கு மாதம்.

செப்டம்பரில் டோரியிலிருந்து ஒரு கடிதம்.
மீன் சுற்றும் தாள், பென்சில்:
"ஐயா, என் மகன் படியேறினால் மூச்சு வாங்குகிறான்.
நீங்கள் ஒரு வரி எழுதினால் விட்டுவிடுவார்களாம்."
வரவழைத்தார். ஸ்டெதஸ்கோப்பை வைத்து
வெகுநேரம் கேட்டார்.
பையன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
பிறகு சொன்னார், அடித்தேன்:
"திருமதி ஷாண்ட், உங்கள் மகனின் இதயம்
நல்ல கடிகாரம் போல ஓடுகிறது. வாழ்த்துகள்."

வாழ்த்துகள் வேண்டாமே என்று நாக்குவரை வந்தது.
தட்டச்சுக்காரியின் நாக்குக்குச் சம்பளம் கிடையாது.

மே மாதம் அந்தக் கடிதமே திரும்பி வந்தது.
நான் அடித்த எழுத்து, அவர் போட்ட கையெழுத்து.
கீழே பென்சிலில் ஒரு வரி:
"காலை ஐந்து பத்துக்கு நின்றதாம்."

படித்தார். கோப்பில் வை என்றார்.
எந்தக் கோப்பில் என்று கேட்டேன்.
வெளியே கடல்மூட்டம்; துறைமுகத்தில்
ஒரு பாய்மரக் கம்பமும் தெரியவில்லை.
"எஸ்" என்றார்.

மறுநாள் காலை
இயந்திரத்தின் மேலுறை உள்வெளியாகக் கிடந்தது.
நான் அடுக்கிவைத்துப் போன தாள்களில்
வெள்ளை இரண்டும் இல்லை.
நடுவில் இருந்த கறுப்பு மட்டும் உருளையில்.

வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்.
புதுத் தாள். ஒரே ஒரு கடிதம்,
இரண்டு விரலால், அழுத்தி:
வாரியத் தலைவருக்கு. நினியன் டல்கார்னோ.
இதய நுனியில் முணுமுணுப்பு.
படியேறினால் மூச்சு வாங்குகிறது.
சேவைக்குத் தகுதியில்லை.

அதே படி. அதே மூச்சு.

போன கோடையில் நினியன்
எங்கள் மாடிப்படியை மும்மூன்றாகத் தாவி
விசிலை நிறுத்தாமலே
என் மேசையில் ஓர் ஆரஞ்சை வைத்துப் போனான்.

ஒன்பது மணிக்கு வந்தார். கோட்டைக் கழற்றவில்லை.
"போர் அலுவலகத்துக்கு. ஐயா" என்று தொடங்கினார்.
தொண்டை கட்டியிருந்தது.
தபால்தலைப் புத்தகத்தில் ஒன்று குறைந்தது.
"கிழிந்தது, ஒன்று" என்று எழுதிக்கொண்டேன்.

கார்பனை எரித்திருக்கலாம்.
உறையிலிட்டு டோரிக்கு அனுப்பியிருக்கலாம்;
முகவரி எனக்கு மனப்பாடம்.
அதே தாளை மறுபடி சொருகினேன்.
அன்று பதினொரு கடிதங்கள்.
கொயினா நினியன்மேல் விழுந்தது,
பேன் முணுமுணுப்பின்மேல்,
லண்டன்காரர்களின் பட்டங்கள் அந்த மூச்சின்மேல்.
மாலையில் தூக்கிப் பார்த்தபோது
ஒரு சொல்லும் பிரிந்து வரவில்லை.

வேறு ஏதாவது உண்டா என்று கேட்டேன்.
இல்லை, நீ போகலாம் என்றார்,
இழுப்பறைகளில்
பச்சை மைப்புட்டியைத் தேடிக்கொண்டே.