பன்னிரண்டு விநாடி

சிவரக்கோட்டை தாண்டி, நடுத்தடுப்பில்
ஊர்க்காரர்கள் உடைத்துவைத்த இடைவெளிக்கு எதிரே
ஒரு குடை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி,
வேகம் அளக்கும் துப்பாக்கி, நான்.
நாளுக்கு அறுநூறு ரூபாய்.
மதியச் சாப்பாடு என் பொறுப்பு.

எண்பதை நூறாக்கலாமா என்று
எங்கோ ஓர் அறையில் கேட்கிறார்கள்.
நூறு வண்டியில் எண்பத்தைந்து
எந்த வேகத்துக்குள் போகிறதோ
அதுதான் அந்தச் சாலையின் இயல்பாம்.
இயல்புக்கு எண் பொறுக்க வந்திருக்கிறேன்.

முதல் நாள் துப்பாக்கியைக் கண்டதும்
எல்லா வண்டியும் தலைமையாசிரியர் அறையைக்
கடக்கிற பிள்ளைகள்போல் வந்தன.
எதிர்ச்சாரியில் போகிறவன் விளக்கை மினுக்கி
வருகிறவனுக்குத் தகவல் சொன்னான்.
முன்பின் அறியாதவர்களுக்குள்
இத்தனை அன்பு இருப்பதை அன்றுதான் பார்த்தேன்.
மறுநாள் குடையைக் கருவேல மரத்துக்குப் பின்னால் நகர்த்தினோம்.
தொண்ணூற்றெட்டு.
நூற்றிரண்டு.
நாற்பத்தாறு, வைக்கோல் லாரி.
நூற்றுப் பதினாறு; பின்கண்ணாடியில்
'அப்பா தந்த பரிசு'.

கார், லாரி, பஸ், இருசக்கரம், மற்றவை.
நீளவாக்கில் போகிறவர்களுக்குப் படிவத்தில் ஐந்து கட்டம்.
குறுக்கே போகிறவர்களுக்கு ஒன்றும் இல்லை.

ஒச்சம்மாக்கா குறுக்கே போகிறவள்.
வீடு இந்தப் பக்கம்,
பாத்திரம் கழுவும் ஓட்டல் அந்தப் பக்கம்.
நாளைக்கு ஆறு தடவை.
வலது முழங்காலில்
பெரியாஸ்பத்திரியில் வைத்த தகடு.
"எவன் என்ன வேகத்துல வாரான்னு
எனக்கென்னத்தா தெரியும்?
அந்தப் பாலத்து மேட்டப் பாப்பேன்.
காலியா இருந்தா காலெடுத்து வைப்பேன்."

சும்மா இருக்க முடியாமல்
கைபேசியில் அவளை ஓடவிட்டுப் பார்த்தேன்.
இல்லை, அவள் ஓடவில்லை; கடிகாரம்தான் ஓடியது.
இந்த ஓரத்திலிருந்து நடுத்தடுப்புக்குப்
பன்னிரண்டு விநாடி.
மேட்டிலிருந்து இடைவெளிக்கு முந்நூறு மீட்டர்;
டேப் பிடித்தே அளந்தேன்.
எண்பதில் வருகிற கார் பன்னிரண்டு விநாடியில்
இருநூற்று அறுபத்தேழு மீட்டர் வரும்.
அக்கா ஏறிவிடுவாள்,
முப்பத்து மூன்று மீட்டர் மிச்சம்.
நூறில் வந்தால்
முந்நூற்று முப்பத்து மூன்று.
மிச்சம் இருந்த அதே முப்பத்து மூன்று
இப்போது பற்றாமல் போகிறது.

டிப்ளமோவில் எனக்குக் கணக்குதான் பிடித்த பாடம்.
அன்று சாப்பிடப் பிடிக்கவில்லை.

பெரிய நியாயஸ்தி இல்லை நான்.
போன தை மாதம், விருதுநகரில் கல்யாணம் முடிந்து
சிநேகிதி ஜெனிட்டா காரில் திரும்பினோம்.
நூற்றுப் பத்து.
கண்ணாடியை இறக்கிவிட்டு
முடி வாய்க்குள் போகப் போகச் சிரித்தேன்.
இன்னும் மிதிடி, என்று கத்தியதும் நான்தான்.
மிச்சம் பிடித்த ஏழு நிமிடத்தைக்
கப்பலூர் சுங்கச்சாவடி வரிசையில்
அப்படியே கொடுத்துவிட்டு நின்றோம்.
வழியில் இந்த இடைவெளி வந்திருக்கும்.
யாராவது வாளியோடு நின்றார்களா?
ஞாபகம் இல்லை.
நூற்றுப் பத்தில் ஓரம் என்பது
ஒரே நிறமாக இருந்தது.

ஏழாம் நாள் சூப்பர்வைசர் சகாயராஜ்
தாள்களைக் கூட்டினார்.
"நூத்தி மூணு வருது. நூறு போட்ரலாம்.
இப்பவே அப்படித்தான போறாய்ங்க,
சட்டத்தக் கொஞ்சம் தள்ளி வச்சா
எல்லாரும் யோக்கியன் ஆயிருவான்."
அவர் கெட்டவர் இல்லை.
தினமும் எனக்கு மோர் வாங்கித் தந்தவர்.
படிவத்தின் அடியில் 'குறிப்பு' என்று ஒற்றை வரி.
அதில் நான் எழுதியதைப் படித்தார்:
முந்நூறு மீட்டர், பன்னிரண்டு விநாடி.
"யாரோட பன்னெண்டு?"
சொன்னேன்.
"ஒருத்தர் எப்படிம்மா கணக்குல வரும்?"
அடிக்கவும் இல்லை. மடித்துப் பையில் வைத்தார்.

வண்டியில் சாமான் ஏற்றும் முன்
ஒச்சம்மாக்கா ஓரத்தில் வந்து நின்றாள்.
துப்பாக்கியை அவள் பக்கம் திருப்பினேன்.
திரையில் மூன்று கோடு.
பத்துக்குக் கீழே நகர்வதை
இது எடுத்துக்கொள்ளாது.

வாளியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு
மேட்டைப் பார்க்கிறாள்.