வடைத்தாள்

முப்பத்தொரு வருஷம்
பருத்தித்துறைத் தபால் கந்தோரில்
இந்த ஊர்களைக் கையால் பிரித்திருக்கிறேன்.
வட்டவளை இந்தப் பெட்டி,
தலவாக்கலை அதற்குக் கீழே,
நானுஓயா என்றால் நுவரெலியாப் பையோடு.
எது மேடு, எது பள்ளமென்று
ஒரு உறையும் சொன்னதில்லை.

ஓய்வூதியத்தின் முதல் மாதம்
ஒரு தோள்பை, ஒரு குடை,
கண்டியில் வந்து இறங்கினேன்.
"தனியாவா?" என்றாள் விடுதிக்காரி,
சிங்களத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை.
இரண்டுக்கும் ஓமென்றேன்.
இரண்டு தலையணை கொண்டுவந்து வைத்தாள்.

வாவியைச் சுற்றி நடந்தேன்.
கரைச்சுவருக்கு மேகமதில் என்று பெயராம்.
விளக்கு வைக்கிற ஓட்டை ஒன்றில்
யாரோ பஸ் டிக்கெட்டைச் சுருட்டிச் செருகியிருந்தார்.
ராணிமார் குளித்த மண்டபத்தில்
பிறகு பொலிஸ் இருந்ததென்றார்கள்.
கேட்டதும் கை தானாகப் போய்
அடையாள அட்டையைத் தொட்டுப் பார்த்தது.
பழக்கம்.

மறுநாள் பதுளைக் கோச்சி, மூன்றாம் வகுப்பு.
கதவில் தொங்கிப் படமெடுத்த பிள்ளைகளுக்கு அப்பால்
மலை தெரிந்தது,
ஒரு முழங்கைக்கும் ஒரு காதுக்கும் நடுவில்
துண்டு துண்டாய்.
எதிரில் இருந்தவர் கொழும்பில் கடைவேலை,
லீவில் வீடு போகிறார்.
அருவிக்கு எழும்பவில்லை,
பாலத்துக்கு எழும்பவில்லை.
ஹட்டன் தாண்டி ஓரிடத்தில் மட்டும்
எழுந்து நின்றார்:
சரிந்த மலை, சிவந்த மண்,
மண்ணுக்குள் பாதித் தகரக்கூரை.
நான் கேட்கவில்லை.
அவர் உட்கார்ந்து
செருப்பைச் சரிசெய்தார், வெகுநேரம்.

பட்டிப்பொல தாண்டி ஒரு சுரங்கம்.
நுழையும்போது வெயில்.
வெளியே வந்தால் ஜன்னலெல்லாம் பஞ்சு.

ஹப்புத்தளை, காலை ஆறரை.
ஓட்டோக்காரர் மருதவீரன்
வளைவுக்கு வளைவு சொல்லிக்கொண்டே ஏறினார்:
அந்தப் பக்கம் உடவளவைக் குளம்,
இந்தப் பக்கம் அம்பாந்தோட்டைக் கடல்,
எல்லாம் தெரியும் மிஸ், எல்லாம் தெரியும்.
உச்சிக்குப் போனோம்.
மருதவீரனே தெரியவில்லை.

குரல் வந்த திசையிலிருந்து
ஒரு பொட்டலமும் வந்தது. பருப்பு வடை.
பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் சுற்றியது.
தின்றுவிட்டுத் தாளைப் பிரித்தேன்,
எழுத்தைக் கண்டால் வாசிக்கிற தொழில்.

*நான் சென்ற சுற்றுலா.
த. நிரோஜினி, தரம் ஐந்து.
நாங்கள் கடலுக்குப் போனோம்.
கடல் பச்சையாக இருந்தது.
கடல் வரிசை வரிசையாக இருந்தது.
நடுவில் நடக்கப் பாதை இருந்தது.
அம்மா இடுப்பளவு இறங்கி நின்றா.
பிறகு*

பிறகு எண்ணெய்.
அதற்குப் பிறகு கிழிசல்.
'வரிசை வரிசையாக'வுக்குக் கீழே
சிவப்புக் கோடு,
ஓரத்தில் ஒரு கேள்விக்குறி.

அனுப்பியவர் பெயர் உண்டு, பெறுபவர் இல்லை.
இப்படி வந்தால் நாங்கள்
தனியாக ஒரு பெட்டியில் போட்டுவைப்போம்.

நான் கடலடியில் பிறந்தவள், பிள்ளை.
வாடைக்காற்றுக் காலத்தில்
வெளிச்சவீட்டடியில் நின்று பார்த்தால்
அலை வரிசையாய்த்தான் வரும்.
பச்சையும் சரி.
பாதைதான் இல்லை.
இருக்கிறதென்று நம்பி
இரவில் வள்ளம் ஏறினவர்களை எனக்குத் தெரியும்.
அவர்களுக்கு வந்த கடிதங்களை
அதிக நாள் வைத்திருந்தேன்.

ஒரு நிமிஷம், அதற்கும் குறைவு,
பனி விலகியது.
உடவளவையும் இல்லை, அம்பாந்தோட்டையும் இல்லை.
காலடியில் பச்சை,
வரிசை வரிசை வரிசையாக.
இடுப்பளவு இறங்கி நாலு பெண்கள்.
ஒருத்தி நிமிர்ந்து
என் குடையைப் பார்த்தாள்.
மூடிக்கொண்டது.

பேனையை எடுத்தேன்.
கேள்விக்குறிக்குப் பக்கத்தில்
ஒரு சரி போடப் பார்த்தேன்.
எண்ணெயில் மை ஓடவில்லை,
கீறல்தான் விழுந்தது.

"ஒண்ணும் தெரியலையே மிஸ்,
நாளைக்கு வருவமா?" என்றார் மருதவீரன்,
வாடகையைப் பாதியாய்க் குறைத்து,
ஏதோ அவர்தான் மறைத்துவிட்டாற்போல.