ஏழு நாள் நோட்டீஸ்

பார்க்கிங்கில் கிடக்கும் எஸ்டியை
ஏழு நாளுக்குள் அப்புறப்படுத்தவும் என்று
கானோல்கர் மேடம் ஒட்டிய காகிதம்
பெட்ரோல் டேங்கின் மேலேயே இருக்கிறது.
வண்டியில் புதிதாக இருப்பது
அந்த செல்லோடேப் மட்டும்.

அப்புறப்படுத்தலாம். உருளாதே.
முன்சக்கரம் நாலு மழைக்காலமாக
ஒரே இடத்தில் நின்று
தரையில் கறுப்பாய்த் தழும்பு வைத்துவிட்டது.
மாஹுல் கழிமுகத்து உப்புக்காற்று
சுன்னாபட்டி வரை நடந்து வந்து
வேறெதைத் தொட்டதோ இல்லையோ
என் ஆக்ஸிலைத் தொட்டிருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் அச்சு என்றார்கள்.
அச்சு முறியும், இல்லையென்றால் சக்கரம் சுழலும்.
இது ஆக்ஸில்.
முறியவுமில்லை, சுழலவுமில்லை.

வியாழக்கிழமை நட் கழன்றது.
ஜெயித்தாச்சு என்று வளர்மதியை எழுப்பிச் சொன்னேன்.
"ம்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.
அவளுக்குத் தெரிந்திருக்கிறது,
நட் வெறும் கதவுதான்.
உள்ளே ஆள் இருக்கிறார்.

டீசலும் மண்ணெண்ணெயும் பாதிப் பாதி
இங்க் ஃபில்லரில் எடுத்துச் சொட்டினேன்,
ஆபீஸ் போகும்போதும், வந்த பிறகும்.
ஆக்ஸில் தலையிலிருந்த ஓட்டையில்
ஸ்க்ரூடிரைவரைக் கோத்து முறுக்கினேன்.
ஸ்க்ரூடிரைவர் வளைந்து கொடுத்தது.
குர்லா காயலான் கடை அஷ்ஃபாக்
போனிலேயே தீர்ப்புச் சொன்னான்:
"அறுத்துடு. பத்து நிமிஷ வேலை."
எனக்கும் அறுக்கத் தெரியும்.

ஞாயிறு பகல் இரண்டரைக்கு
சுத்தியல் எடுத்தேன்.
ஐந்தாவது அடியில் இரண்டாம் மாடி ஜன்னல் திறந்தது.
ஏழாவதில் கானோல்கர் மேடம்
நைட்டிமேல் துப்பட்டாவோடு எதிரில்.
"எடுக்கச் சொன்னேன், ஊரை எழுப்பச் சொல்லவில்லை."
"எடுக்கத்தான் அடிக்கிறேன்."

மரை நசுங்காமலிருக்க
நட்டை முனை மட்டத்துக்குத் திரும்பப் பூட்டி
அதன்மேல் பித்தளைக் கம்பியை வைத்து அடிக்க வேண்டும்.
கம்பிக்கு ஒரு கை, சுத்தியலுக்கு ஒரு கை,
சாய்கிற ஃபோர்க்குக்கு ஒரு கை.
எனக்கு இரண்டு.
அவர் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.
செங்கல்மேல் உட்கார்ந்து
கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

என் பெயருக்கு
மூன்று கடிதம் எழுதிய விரல்கள்
ஒன்றரைக் கிலோ சுத்தியலிலிருந்து
நாலு அங்குலம் தள்ளி.
பச்சைக் கண்ணாடி வளையல், ஒரு டஜன் இருக்கும்.
அதைப் பார்த்தால் அடி தப்பும்.
கம்பியின் கொண்டையை மட்டும் பார்த்தேன்.

"மார்" என்றார்.
மார் என்றால் எனக்கு நெஞ்சு.
அவருக்கு, அடி.
அடித்தேன்.

வளையல்கள் நடுங்கின, கை நடுங்கவில்லை.
டண்.
டண்.
எத்தனை என்று எண்ணவில்லை,
தோள்பட்டை எண்ணியிருக்கும்.
டண் என்று கேட்டுக்கொண்டிருந்தது
திடீரென்று டொப் என்றது.
இருவரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தோம்.

ஒரு நூல்.
ஒரே ஒரு நூல் நகர்ந்திருந்தது.

நட்டைக் கழற்றிவிட்டு மறுபடி அடிக்க,
இத்தனை நாள் எதற்கு முரண்டு பிடித்தோம் என்ற
கூச்சமேயில்லாமல் முழுசாக வந்தது,
பேரிங்கின் உள்வளையத்தை
இடுப்பில் கட்டிக்கொண்டு.
துருவாய்ப்போன கூடு பொடிந்து
குண்டுகள் நாலாபக்கமும் ஓடின.
ஒன்று மேடத்தின் செருப்படியில் நின்றது.
ஒன்று வாட்ச்மேன் நாற்காலியைத் தாண்டிப் போனது.

ஆக்ஸிலைத் துடைத்தேன்.
இரண்டு ஓரமும் செம்மண்.
நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு
கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்த வெள்ளை.
காட்டலாம் என்று திரும்பினால்
அவர் மண்டியிட்டு, போன் வெளிச்சத்தில்
குண்டு பொறுக்கிக்கொண்டிருக்கிறார்.

"விடுங்க மேடம், குப்பைதான். புதுசு நூற்றெண்பது ரூபாய்."
"சொசைட்டி இடம். யாராவது வழுக்கி விழுந்தால்?
மொத்தம் எத்தனை?"
"எட்டு."

சாக்கடை மூடியின் ஓரத்திலிருந்து
உள்ளங்கையைத் திறந்து காட்டினார்.
"ஏழு" என்றார்.
குண்டைச் சொன்னாரா, கெடுவைச் சொன்னாரா.
நானும் மண்டியிட்டேன்.